முலாம் பூசுமுன் அடையாளம் காணுங்கள்: பழைய கார்களின் அலங்கார உறுப்புகள் குறித்து வாசகர் கேள்விகள்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஜாலி (முன்பக்க கிரில்), மோனோகிராம் (வண்டியின் பெயர்ச் சின்னம்), பீடிங் பட்டை (ஓர அலங்காரப் பட்டை), விளக்குக் கண்ணாடி முதலிய வெளித்தோற்ற உறுப்புகளைப் பற்றியே இருந்தன. கோவையைச் சுற்றி லேத் வேலைக்கும் வார்ப்பட வேலைக்கும் கைதேர்ந்த பட்டறைகளுக்குக் குறைவில்லை. தேய்ந்துபோன ஒரு புஷ்ஷையோ உடைந்த பிராக்கெட்டையோ ஒரே நாளில் செய்து வாங்கிவிடலாம். ஆனால் 1960களில் அமெரிக்காவில் தயாரான மஸ்டாங், கமாரோ, சார்ஜர் போன்ற வண்டிகளில் எந்த ஆண்டுக்கு எந்த ஜாலி, எந்த விளக்கு என்று விசாரிக்காமல், கைக்குக் கிடைத்ததைப் பஃப் அடித்து (தேய்த்து மெருகேற்றி) மாட்டிவிடும் வழக்கம் நம் பகுதியில் இன்னும் இருக்கிறது. அதனால் ஈடு செய்ய முடியாத அசல் உறுப்புகள் பழைய இரும்புக் கடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. ஆகவே இம்முறை இந்த ஒரு பொருளைப் பற்றிய கேள்விகளுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எங்கள் பெரியப்பா பல ஆண்டுகளுக்கு முன் ஏலத்தில் எடுத்த ஃபோர்டு மஸ்டாங் ஒன்று தோப்புக் கொட்டகையில் நின்றிருந்தது. அதை இப்போது சீரமைக்கத் தொடங்கியிருக்கிறோம். ஆர்.சி. புத்தகத்தில் 1966 என்று இருக்கிறது. ஆனால் முன்பக்க ஜாலி தேன்கூட்டு வலையாகவும், நடுவில் குதிரை நிற்கும் சட்டத்திலிருந்து நான்கு பக்கமும் கம்பிகள் ஓடுவதாகவும் இருக்கிறது. அது 1965 வண்டியின் ஜாலி என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். மாற்றிவிடலாமா?
— வாசகர், பொள்ளாச்சி

பதில்: ஜாலியை இப்போதைக்குக் கழற்றக்கூட வேண்டாம். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள ஆண்டை வைத்து எந்த முடிவுக்கும் வரக் கூடாது. வெளிநாட்டிலிருந்து வந்த வண்டிகளுக்கு அது இங்கே பதிவு செய்யப்பட்ட ஆண்டாக இருப்பது சாதாரணம். பானெட்டைத் திறந்து, இடது முன் மட்கார்டை ஒட்டி உட்புறமாக உள்ள ஏப்ரன் தகட்டின் மேல் விளிம்பைத் துடைத்துப் பாருங்கள். அங்கே வண்டியின் அடையாள எண் அடிக்கப்பட்டிருக்கும். அதன் ஒரு பகுதியை மட்கார்டின் விளிம்பு மறைத்துக்கொண்டிருக்கலாம். அந்த எண்ணின் முதல் இலக்கம் 5 என்றால் வண்டி 1965 மாடல், 6 என்றால் 1966 மாடல். இரண்டாவதாக வரும் எழுத்து தொழிற்சாலையைக் குறிக்கும்: எஃப் என்றால் டியர்போர்ன், ஆர் என்றால் சான் ஓசே. அடுத்து வரும் இரண்டு இலக்கங்கள் உடலமைப்பைச் சொல்லும்: 07 ஹார்டுடாப், 08 மடக்கு மேற்கூரை, 09 ஃபாஸ்ட்பேக்.

இடது கதவின் பின் விளிம்பில் ரிவெட் அடித்துப் பொருத்திய சிறிய தகடு ஒன்றும் இருக்க வேண்டும். அதுதான் வண்டியின் சாதகக் குறிப்பு. நிறம், உட்புற அலங்காரம், தயாரிப்புத் தேதி, பின் ஆக்ஸில், கியர் பெட்டி ஆகிய அனைத்தும் அதில் குறியீடுகளாக உள்ளன. தேதி என்பது ஓர் எண்ணும் ஓர் ஆங்கில எழுத்துமாக இருக்கும். எழுத்து மாதத்தைக் குறிக்கிறது. ஜனவரிக்கு ஏ என்று தொடங்கி, 'ஐ' என்ற எழுத்தை மட்டும் விட்டுவிட்டு, டிசம்பருக்கு எம் என்று முடியும். ஆகவே 20கே என்று இருந்தால் அக்டோபர் 20. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அமெரிக்கக் கம்பெனிகளின் மாடல் ஆண்டு ஜனவரியில் தொடங்குவதில்லை. 1966 மாடல் மஸ்டாங் 1965 ஆகஸ்டிலேயே தயாராகத் தொடங்கிவிட்டது. அடையாள எண் 6இல் தொடங்கி, தகட்டில் 20கே என்று இருந்தால், அந்த வண்டி 1965 அக்டோபரில் செய்யப்பட்ட 1966 மாடல். இதை அறியாதவர்கள்தான் '65இல் செய்த வண்டிக்கு 65 ஜாலி' என்று கணக்குப் போட்டு ஏமாறுகிறார்கள்.

அடையாள எண் 5இல் தொடங்கினால் உங்கள் ஜாலி முழுக்கச் சரியானது. 6இல் தொடங்கினால் அது பிற்பாடு மாற்றப்பட்டது. 1966 மாடலின் ஜாலியில் தேன்கூட்டுக்குப் பதிலாக மெல்லிய கிடைக்கோடுகள் ஓடும், குதிரையும் சட்டமும் கம்பிகளின் பிடிப்பு இல்லாமல் தனியே நிற்பதுபோல் தெரியும். ஜாலியை மட்டும் பார்க்காமல், கதவுக்குப் பின்னால் பின் மட்கார்டின் குழிவில் உள்ள அலங்காரத் துண்டையும் பாருங்கள். 1966இல் அது பொதுவாக முன்னோக்கி நீளும் மூன்று விரல்களைப்போல் இருக்கும். 1965இல் விரல்கள் கிடையாது. டாஷ்போர்டில் வேகமானி படுக்கைவாட்டில் நீண்டு இருந்தால் 1965 என்று சொல்லலாம். ஆனால் ஐந்து வட்டமானிகள் இருந்தால் அதை வைத்து மட்டும் 1966 என்று முடிவுகட்ட முடியாது, ஏனென்றால் 1965இன் ஜிடி என்ற சிறப்புத் தொகுப்புள்ள வண்டிகளிலும் உயர்தர உட்புற அலங்காரம் கேட்டு வாங்கிய வண்டிகளிலும் அதே ஐந்து மானிகள் உண்டு.

ஜிடி என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் வண்டியில் ஜிடி மோனோகிராமும் ஜாலிக்குள் மஞ்சு (பனிமூட்ட) விளக்குகளும் இருந்தால், அடையாள எண்ணில் ஐந்தாவதாக உள்ள என்ஜின் எழுத்தைப் பாருங்கள். 1965, 1966 இரு ஆண்டுகளிலும் ஏ அல்லது கே எழுத்துள்ள வி-8 என்ஜினுக்கு மட்டுமே தொழிற்சாலையில் ஜிடி தொகுப்பு கொடுக்கப்பட்டது. சி அல்லது டி எழுத்துள்ள வண்டியில் ஜிடி அலங்காரம் இருந்தால், அது எவ்வளவு அழகாக இருந்தாலும் பிறகு மாட்டியதுதான். 1966 ஜிடியில் மட்டும் மஞ்சு விளக்குகளைத் தாங்குவதற்காகக் கிடைக்கம்பிகள் மறுபடியும் இடம்பெற்றன என்பதால், கம்பி இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக 1965 என்று சொல்லிவிடவும் கூடாது.

கேள்வி: மஸ்டாங்குக்காக வரவழைத்த ஒரு பழைய உறுப்பின் முதுகில் சி5இசட்பி என்று தொடங்கும் எண் இருக்கிறது. ஆனால் விற்பனைப் பட்டியலில் அதே உறுப்புக்கு சி5இசட்இசட் என்று எண் போட்டிருக்கிறார்கள். என் வண்டி 1966 மாடல். எண்ணிலோ 5 இருக்கிறது. தவறான சாமானை அனுப்பிவிட்டார்களா?
— வாசகர், ஈரோடு

பதில்: நீங்கள் சொல்லும் இரண்டு காரணங்களை வைத்துப் பார்த்தால் அது தவறான சாமான் என்று சொல்ல முடியாது. ஃபோர்டு கம்பெனியின் எண்ணில் முதல் எழுத்து பத்தாண்டைக் குறிக்கிறது. சி என்றால் 1960கள். அடுத்த இலக்கம் அந்தப் பத்தாண்டுக்குள் எத்தனையாவது ஆண்டு என்பது. மூன்றாவது எழுத்து எந்த வண்டி வரிசைக்காக வடிவமைக்கப்பட்டது என்பதைச் சொல்லும். இசட் என்றால் மஸ்டாங். நான்காவது எழுத்து, அந்த எண்ணைக் கொடுத்த பிரிவு. பாடி வடிவமைப்புப் பிரிவு கொடுத்த எண்ணில் பி வரும். டீலர்களுக்கு உதிரிபாகமாக விற்கும் பிரிவு அதே உறுப்புக்குப் போட்ட எண்ணில் இசட் வரும். உறுப்பின் உடம்பில் பெரும்பாலும் வடிவமைப்பு எண்ணே வார்க்கப்பட்டிருக்கும். அட்டைப்பெட்டியிலும் பட்டியலிலும் விற்பனை எண் அச்சாகியிருக்கும். இரண்டும் ஒன்றாக இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை.

எண்ணில் உள்ள 5 என்பது அந்த உறுப்பு முதன்முதலில் எந்த ஆண்டுக்காக வடிவமைக்கப்பட்டதோ அந்த ஆண்டு. மாற்றம் தேவைப்படாத உறுப்பை அடுத்த ஆண்டும் அதே எண்ணோடு பயன்படுத்தினார்கள். ஆகவே 1966 வண்டியில் சி5 என்று தொடங்கும் உறுப்புகள் நிறையவே இருக்கும். சி7 என்று தொடங்கும் உறுப்பு அதில் இருந்தால்தான் யோசிக்க வேண்டும். இந்த எண்ணைத் தயாரிப்புத் தேதியோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். வார்ப்படங்களில் தேதி தனியாக இருக்கும்: ஆண்டின் கடைசி இலக்கம், மாதத்தின் எழுத்து, நாள் என்ற வரிசையில் 5சி12 என்று இருந்தால் 1965 மார்ச் 12. உறுப்பின் தேதி வண்டியின் தேதிக்குச் சில நாட்களோ சில மாதங்களோ முந்தியதாக இருப்பதே இயல்பு. வண்டி பிறந்த பிறகு பிறந்த உறுப்பு அந்த வண்டியோடு வந்ததாக இருக்கவே முடியாது. இதற்கு மறுபேச்சு இல்லை.

விளக்குக் கண்ணாடிகளுக்கு இன்னொரு வழி உண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளின் விளக்குகளில் கைடு என்ற பெயரும், ஃபோர்டு வண்டிகளில் ஃபோமோகோ என்ற பெயரும் பார்க்கலாம். அதோடு எஸ்.ஏ.இ. (அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கம்) என்ற மூன்றெழுத்துக்குப் பிறகு அந்த விளக்கு செய்யும் வேலைகளுக்கான எழுத்துகள் வரும். எஸ் என்றால் பிரேக் விளக்கு, பி என்றால் பார்க்கிங் விளக்கு, ஆர் என்றால் ரிவர்ஸ் விளக்கு, ஐ என்றால் இண்டிகேட்டர். கடைசியில் வரும் இரண்டு இலக்கங்கள் ஓர் ஆண்டைக் குறிக்கும். அந்த ஆண்டு உங்கள் வண்டிக்குப் பிந்தியதாக இருந்தால், கண்ணாடி மாற்றப்பட்டுள்ளது என்று எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: பழைய ஷெவர்லே வண்டியின் மோனோகிராம்களும் விளக்கு வளையங்களும் புள்ளிப் புள்ளியாகப் பொத்துப்போய், வெள்ளைப் பொடி பூத்திருக்கின்றன. பம்பரோடு சேர்த்து எல்லாவற்றையும் ஒரே பிளேட்டிங் பட்டறையில் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். புதிதாகச் செய்த டூப்ளிகேட் மோனோகிராம்களும் கிடைக்கின்றன. எது நல்லது?
— வாசகர், கணபதி, கோவை

பதில்: தயவுசெய்து பம்பரோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள். பம்பர் இரும்புத் தகடு. பொத்துப்போன மோனோகிராம் துத்தநாக டைகாஸ்ட் (உருக்கிய உலோகத்தை அச்சுக்குள் அழுத்தி வார்த்தது). இரும்பின் பழைய முலாமையும் துருவையும் எடுக்கும் அமிலத் தொட்டியில் துத்தநாகத்தைப் போட்டால், முலாம் போவதற்கு முன் உறுப்பே கரைந்துவிடும். அந்தத் தொட்டியிலிருந்து வெளியே வந்த ஓர் எழுத்து மோனோகிராமை எனக்குக் காட்டினார்கள். எழுத்துகளின் விளிம்பெல்லாம் மழுங்கி, பின்புறத்தில் மட்கார்டுக்குள் நுழையவேண்டிய மூன்று முளைகளில் ஒன்று ஊசிபோல் மெலிந்தும், மற்ற இரண்டும் அடியோடு இல்லாமலும் இருந்தன. அதை எந்தக் கைவேலையாலும் மீட்க முடியாது.

எது எந்த உலோகம் என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். காந்தத்தை வைத்தால் துத்தநாகத்திலும் அலுமினியத்திலும் ஒட்டாது. இந்த இரண்டையும் கையில் தூக்கிப் பார்த்தே வேறுபடுத்தலாம். ஒரு கன சென்டிமீட்டர் அலுமினியம் 2.7 கிராம், டைகாஸ்ட் துத்தநாகக் கலவை ஏறக்குறைய 6.6 கிராம். அளவுக்கு மீறிக் கனத்து, காந்தம் ஒட்டாமல், புள்ளிப் புள்ளியாகப் பொத்திருந்தால் அது டைகாஸ்ட் என்பதில் ஐயமில்லை. காந்தம் பலமாக ஒட்டினால் இரும்பாகவும் இருக்கலாம், எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) பட்டையாகவும் இருக்கலாம், கார்களின் அலங்காரப் பட்டைகளுக்குக் காந்தம் ஒட்டும் வகை எஸ்.எஸ். அதிகம் பயன்பட்டிருக்கிறது. ஆகவே காந்தம் ஒட்டுகிறது என்பதற்காக அதைக் குரோமியம் பூசிய இரும்பு என்று எண்ணி முலாம் பூசக் கொடுத்துவிட வேண்டாம். பின்புறத்தைச் சுரண்டிப் பாருங்கள். முலாம் இல்லாமலே உள்ளும் புறமும் ஒரே உலோகமாகப் பளிச்சென்று இருந்தால் அது எஸ்.எஸ். அதற்கு முலாம் தேவையே இல்லை, பஃப் மட்டும் போதும்.

டைகாஸ்ட் பொத்துப்போவதற்குக் காரணம், முலாமில் உள்ள நுண்துளைகள் வழியாக ஈரம் உள்ளே இறங்கி, அடியில் துத்தநாகத்தை அரிப்பதுதான். மேலே தெரியும் புள்ளி சிறியதாக இருந்தாலும், உள்ளே குழி அகன்றிருக்கும். ஆகவே மேலே தேய்த்துவிட்டு முலாம் பூசினால் சில மாதங்களில் மறுபடியும் கொப்புளம் கிளம்பும். முறையான வேலை இப்படி நடக்க வேண்டும்: பழைய குரோமியத்தையும் நிக்கலையும் துத்தநாகத்துக்குக் கேடில்லாத கரைசலில் எடுக்க வேண்டும், ஒவ்வொரு குழியையும் பர் என்னும் சிறு குடையும் கருவி கொண்டு அரிப்பு தீரும்வரை குடைய வேண்டும், சயனைடு தாமிரக் கரைசலில் ஒரு மெல்லிய தாமிரப் படலம் கொடுத்து, குழிகளை ஈயப் பற்றால் நிரப்பி, சமப்படுத்தி, அமிலத் தாமிரம் கனமாக ஏற்றி, பஃப் அடித்து, அதன்மேல் நிக்கல், கடைசியில் குரோமியம். அமிலத் தாமிரத்தை நேரடியாகத் துத்தநாகத்தின் மேல் கொடுத்தால் அது துத்தநாகத்தை அரித்துவிடும் என்பதால்தான் சயனைடு தாமிரம் முதலில் வருகிறது. இது கொடிய நச்சு. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு உள்ள, உரிய அனுமதி பெற்ற பட்டறையில் மட்டுமே இந்த வேலையைக் கொடுங்கள்; வீட்டுக் கொல்லையில் யாரும் முயல வேண்டாம். கடைசியில் வரும் குரோமியப் படலம் பொதுவாக ஒரு மைக்ரானுக்கும் குறைவான கனமே உள்ளது. அது எந்தக் கீறலையும் மூடாது. அடியில் தாமிரத்தை எவ்வளவு நேர்த்தியாகச் சமப்படுத்தினார்களோ அதுவே மேலே தெரியும்.

டூப்ளிகேட் பற்றிய என் கருத்து இது: அசல் மோனோகிராம் முழுதாகக் கையில் இருக்கும்வரை, அது எவ்வளவு பொத்திருந்தாலும், அதையே சீர்செய்யுங்கள். புதிதாகச் செய்தவற்றில் நல்லவையும் உண்டு. ஆனால் பலவற்றில் எழுத்துகளின் தடிமன் மாறியிருக்கும், பின்முளைகள் ஒரு மில்லிமீட்டர் இரண்டு மில்லிமீட்டர் விலகியிருக்கும், மட்கார்டின் வளைவுக்கு ஏற்ற வளைவு இருக்காது. அதை மாட்டுவதற்காக மட்கார்டில் புதுத் துளை போடுகிறார்கள். ஒரு மோனோகிராமுக்காக அசல் தகட்டைத் துளைப்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். பட்டறைக்குக் கொடுப்பதற்கு முன் ஒவ்வொன்றின் முன்புறத்தையும் பின்புறத்தையும் அளவுகோலோடு சேர்த்துப் படம் எடுத்து, முளைகளுக்கு இடையே உள்ள தூரத்தை வெர்னியரால் அளந்து எழுதிவையுங்கள். எழுத்துகளின் பள்ளத்தில் இருந்த வண்ணத்தின் ஒரு துணுக்கையாவது காகிதத்தில் மடித்து வையுங்கள்; முலாம் முடிந்த பிறகு அந்த நிறத்தை நினைவிலிருந்து சொல்ல யாராலும் முடியாது.

கேள்வி: 1967 என்று சொல்லி விற்கப்பட்ட கமாரோ வண்டி ஒன்றைப் பார்த்தேன். மட்கார்டுகளின் ஓரத்தில் சிறிய பக்கவாட்டு விளக்குகள் இருக்கின்றன. விற்பவர், அவை ஆடம்பர மாடலுக்கு உரியவை என்கிறார். நம்பலாமா?
— வாசகர், திருப்பூர்

பதில்: நம்ப வேண்டாம். அமெரிக்க அரசின் பாதுகாப்பு விதிப்படி 1968 ஜனவரி 1 முதல் கார்களுக்குப் பக்கவாட்டில் விளக்கோ பிரதிபலிப்பானோ கட்டாயமானது. அதற்காகவே 1968 மாடல் கமாரோவில் அவை வந்தன. 1967 கமாரோவில் எந்த வகையிலும் அவை கிடையாது. ஆகவே ஒன்று, வண்டியே 1968 மாடல். அல்லது 1968 வண்டியின் மட்கார்டுகள் பொருத்தப்பட்டுள்ளன.

இதைக் கதவுகள் தீர்த்துவைக்கும். 1967 கதவில் முன்மூலையில் தனியாகத் திறக்கும் முக்கோணக் கண்ணாடி உண்டு. 1968இல் அதை எடுத்துவிட்டு ஒரே கண்ணாடியாக ஆக்கினார்கள். சாதாரண ஜாலியில் 1967இன் பார்க்கிங் விளக்குகள் வட்டமானவை, 1968இல் அவை செவ்வகமாயின. தலைவிளக்குகளை மூடும் கதவுள்ள ஆர்.எஸ். வகையாக இருந்தால், 1967இல் அந்தக் கதவுகளை மின்மோட்டார் இயக்கும். 1968இல் வேக்குவம் இயக்கும். மோட்டாருக்கு வயர் போகிறதா, ரப்பர்க் குழாய் போகிறதா என்று பானெட்டுக்குள் பார்த்தாலே போதும். அடையாள எண் 1967இல் ஓட்டுநர் கதவுக் கீல் இருக்கும் தூணில் இருக்கும்; 1968இல் டாஷ்போர்டின் மேல், முன்கண்ணாடி வழியாக வெளியிலிருந்தே படிக்கும்படி இருக்கும். அந்த எண்ணின் ஆறாவது இலக்கம் மாடல் ஆண்டின் கடைசி இலக்கம்.

இதற்கு நேர்மாறானதும் நடக்கிறது. 1968 மட்கார்டின் விளக்குத் துளைகளைத் தகடு வைத்து அடைத்து, பட்டி பூசி, 1967 என்று காட்டிவிடலாம். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. சக்கரத்தைக் கழற்றிவிட்டு, மட்கார்டின் உட்புறத்தைக் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்து, டார்ச் அடித்துப் பாருங்கள். வெல்டிங் வைத்த செவ்வகத்தின் விளிம்பு அங்கே கட்டாயம் தெரியும். விரலால் தடவினாலே மேடு தட்டுப்படும். வெளிப்புறத்தில் அதே இடத்தில் காந்தத்தை நகர்த்தினால், பட்டி கனமாக உள்ள பகுதியில் பிடிப்பு தளரும்.

கேள்வி: எங்கள் ஊரில் பஸ் பாடி கட்டும் பட்டறைகளில் அலுமினிய பீடிங் வேலை அருமையாகச் செய்கிறார்கள். என் வண்டியில் மழைநீர்க் காடியின் மேல் வரும் பட்டையும் சக்கர வளைவுப் பட்டைகளும் நசுங்கியிருக்கின்றன. அவர்களிடமே புதிதாகச் செய்துகொண்டால் தவறா?
— வாசகர், கரூர்

பதில்: கரூர்க் கைவேலையின் தரத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவர்களிடம் புதிய பட்டையைக் கேட்காதீர்கள். பழைய பட்டையை நிமிர்த்தித் தரச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லும் இடங்களில் அந்தக் கால வண்டிகளில் பெரும்பாலும் மெல்லிய எஸ்.எஸ். தகட்டை அச்சில் அழுத்திச் செய்த பட்டை இருக்கும். பஸ்ஸுக்குப் போடுவதோ அச்சில் பிதுக்கி எடுத்த அலுமினியம். பளபளப்பின் நிறம், விளிம்பு மடிந்திருக்கும் விதம், கிளிப் பிடிக்கும் உட்பள்ளம் மூன்றும் வேறு. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சிறு பிள்ளைக்குக்கூட வேறுபாடு தெரியும்.

நசுங்கிய எஸ்.எஸ். பட்டையைச் சூடு காட்டி நிமிர்த்தக் கூடாது, நீலம் பாய்ந்துவிடும். மரக்கட்டையின் மேல் முகம் கீழாக வைத்து, உட்புறத்திலிருந்து சிறு சுத்தியலால் பொறுமையாகத் தட்டி மேடாக்கி, மேட்டை அரத்தால் மெல்லச் சீவி, 320 எண் எமரித் தாளில் தொடங்கிப் படிப்படியாக நைசான தாளால் தேய்த்து, கடைசியில் பஃப் அடிக்க வேண்டும். இதற்குப் பழகிய கை உங்கள் ஊரிலேயே இருக்கிறது. அலுமினியப் பட்டையாக இருந்தால் அதன்மேல் அனோடைஸ் படலம் (மின்வேதி முறையில் உண்டாக்கிய காப்புப் படலம்) இருக்கும். அந்தப் படலத்தோடு பஃப் அடித்தால் திட்டுத் திட்டாக மங்கும்; காஸ்டிக் சோடா கரைசலில் அதை எடுத்துவிட்டுத்தான் மெருகேற்ற வேண்டும், மெருகேற்றிய பிறகு மீண்டும் அனோடைஸ் செய்யவேண்டும். அதற்குக் குரோமியம் பூசுவது தவறு, ஏனென்றால் அனோடைஸ் செய்த அலுமினியத்தின் மென்மையான வெண்மை வேறு, குரோமியத்தின் நீலம் கலந்த ஒளி வேறு.

கேள்வி: மஸ்டாங்கும் கமாரோவும் எங்களுக்கு எட்டாதவை. எங்களிடம் இருப்பது 1958 அம்பாசடர் ஒன்றும், ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்றும். இந்த முறைகள் இவற்றுக்கும் பொருந்துமா?
— வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: அப்படியே பொருந்தும். நம் வண்டிகளுக்கு இந்த அக்கறை இன்னும் கூடுதலாகத் தேவை; ஏனென்றால் அமெரிக்க வண்டிகளுக்கு இருப்பதுபோல் உறுப்புப் பட்டியல்கள் நமக்கு எளிதில் கிடைப்பதில்லை. அம்பாசடர் 2014வரை உத்தர்பாராவில் தயாரானதால், பிற்கால மார்க்குகளின் (மாடல் பதிப்புகளின்) ஜாலியும் விளக்குகளும் முற்கால வண்டிகளில் தாராளமாக ஏறியிருக்கின்றன. 1958 வண்டியில் கட்டம் போட்ட ஜாலி இருந்தால், அது 1960களில் வந்த மார்க் 2இன் ஜாலி. விளக்குகளையும் சுவிட்சுகளையும் கழற்றிப் பின்புறம் பாருங்கள். லூகாஸ்-டிவிஎஸ் நிறுவனம் 1960களின் தொடக்கத்தில்தான் சென்னையில் உருவானது. ஆகவே அந்தப் பெயர் பொறித்த விளக்கு 1958 வண்டியோடு பிறந்ததாக இருக்க முடியாது. இங்கிலாந்தில் செய்த பழைய லூகாஸ் உறுப்புகளில் மாதமும் ஆண்டும் சிறிய எண்களாக அடிக்கப்பட்டிருப்பதைப் பார்க்கலாம். 4 58 என்றால் 1958 ஏப்ரல். சென்னையில் 1961 முதல் தயாரான ஹெரால்டுக்கும் இதே சோதனைகளைச் செய்யலாம். அதன் அலங்கார உறுப்புகள் அரிதாகிவிட்டதால், உடைந்த துண்டைக்கூட வீசாதீர்கள். வார்ப்பு அச்சு எடுக்க அது ஒன்றே போதும்.

கேள்வி: ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்கான விஏ வரிசைப் பதிவுக்கு, மாற்று மோனோகிராம் இருந்தால் தடையா?
— வாசகர், நாமக்கல்

பதில்: 2021இல் மத்திய அரசு வெளியிட்ட விதி, வண்டி அதன் அசல் வடிவில் பராமரிக்கப்பட்டிருக்க வேண்டும், சேசிஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றில் பெரும் மாற்றம் செய்யப்பட்டிருக்கக் கூடாது என்கிறது. ஒரு மோனோகிராமைக் காரணம் காட்டி மறுப்பதற்கு அதில் இடம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆயினும் மாற்றிய உறுப்பு எது என்பதை உங்கள் வண்டிக் கோப்பில் எழுதிவைப்பதே முறை.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து பழைய அலங்கார உறுப்புகளை வாங்கும்போது எதைக் கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும்? ஒருவர் '1968 முதல் 1970 வரையிலான சார்ஜர் ஜாலி' என்று ஒன்றைக் காட்டுகிறார்.
— வாசகர், உடுமலைப்பேட்டை

பதில்: அந்த விவரமே அவருக்கு வண்டியைத் தெரியாது என்பதைக் காட்டிவிட்டது. டாட்ஜ் சார்ஜரில் இந்த மூன்று ஆண்டுகளுக்கும் மூன்று விதமான முகம். 1968இல் ஜாலி ஒரே நீளமாகப் பிரிவில்லாமல் இருக்கும். 1969இல் நடுவில் ஒரு பிரிப்பு வந்தது. 1970இல் ஜாலியைச் சுற்றிக் குரோமியப் பம்பரே ஒரு வளையமாக ஓடியது. பின்விளக்குகளும் 1968இல் வட்டமாக இருந்து, 1969இல் நீண்ட வடிவத்துக்கு மாறின. மூன்றுக்கும் ஒரே ஜாலி பொருந்தாது.

நல்லெண்ணத்தோடு விற்பவரும் தவறு செய்யலாம் என்பதால், முன்புறப் படத்தை வைத்து எதையும் வாங்காதீர்கள். பின்புறம் முழுவதும் தெரியும் படம், வார்த்த எண்ணின் நெருக்கமான படம், ஒவ்வொரு முளையின் படம், அளவுகோலை ஓரமாக வைத்து எடுத்த படம் ஆகியவற்றைக் கேளுங்கள். எண் இருக்கும் இடம் அரைக்கப்பட்டோ பட்டி பூசப்பட்டோ இருந்தால் விட்டுவிடுங்கள். முளை உடைந்த உறுப்பை விலை குறைத்து வாங்கலாம். துத்தநாகத்தில் புது முளை பொருத்த இங்கே ஆள் உண்டு. ஆனால் விரிசல் விட்டதை வாங்க வேண்டாம், முலாம் தொட்டியின் வேலை முடிந்து பஃப் அடிக்கும்போது அது இரண்டாகிவிடும். இடப்பக்கம், வலப்பக்கம் என்பதை விற்பவர் முன்னால் நின்று சொல்கிறாரா, ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து சொல்கிறாரா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். கம்பெனிப் பட்டியல்கள் எப்போதும் ஓட்டுநர் இருக்கையிலிருந்தே சொல்கின்றன. ஒரே பக்கத்து வளையங்கள் இரண்டு வந்து சேர்ந்தால், கடல் கடந்து திருப்பி அனுப்பும் செலவு பெரும்பாலும் உறுப்பின் விலையைவிட அதிகமாகிவிடும்.